அலவாங்கும் சிறு கரண்டியும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் ஏ9 வீதியில், நாலந்தாவில் சற்று உள்ளே திரும்பினால் கெடிகே எனப்படும் பழைய கற்கோயிலைக் காணலாம். பல்லவர் கட்டடக்கலையின் சாயலும் பௌத்த வழிபாடும் ஒன்றாய்ப் பொருந்திய கோயில் அது. மகாவலித் திட்டத்தின் போவதென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்ததால், 1970களில் அதனைக் கல் கல்லாகக் கழற்றி, பின்னர் மேட்டு நிலத்தில் மீண்டும் எழுப்பினார்கள்.

இத்தகைய பழைய இடங்களைப் பார்க்கும்போதெல்லாம், பத்திரிகை மேசையில் என் கைகளைக் கடந்துபோன செய்திகள் நினைவுக்கு வரும். "புதையல் தோண்டியோர் கைது" என்பது தலைப்பு. கைப்பற்றப்பட்டவை அலவாங்கு, மண்வெட்டி, பிக்காசு, பூசைப் பொருட்கள், சில வேளைகளில் உலோகங்காட்டும் கருவி என்று கடைசி வரி சொல்லும். உண்மையான செய்தி அந்த வரியில்தான் இருக்கிறது.

உலோகங்காட்டும் கருவி ஒலி எழுப்புவதோடு சரி. நாணயம் போன்ற சிறு பொருளைப் பெரும்பாலும் ஒரு சாண், ஒன்றரைச் சாண் ஆழம் வரையே அது உணரும். அவ்வளவு மேலாகக் கிடக்கும் செப்புக்காசின் மீது அலவாங்கைப் பாய்ச்சினால் என்ன மிஞ்சும்? இங்கிலாந்தில் நில உரிமையாளரின் அனுமதியுடன் இத்தேடலைப் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். அவர்களிற் பொறுப்புள்ளோர், ஒலி வந்த இடத்துக்குச் சற்று விலகி, கூரிய கைக்கரண்டியால் புற்றரையை மூன்று பக்கம் வெட்டி மடித்துத் திறப்பர். காசை எடுத்தபின் மண்ணையிட்டுப் புல்லை மூடிவிடுவர்.

தொல்லியலாளருக்கு அதுவும் போதாது. மேசன்மாரின் கரண்டி போன்ற சிறு கரண்டியால் மண்ணை அடுக்கடுக்காகச் சுரண்டி, தூரிகையால் துடைத்து, ஆழத்தை அளந்து, எடுத்த மண்ணைச் சல்லடையில் அரித்துப் பார்ப்பர். நந்தியும் பிறையும் பொறித்த யாழ்ப்பாண அரசரின் 'சேது' நாணயமொன்று மாத்தளை மண்ணில் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். எந்த அடுக்கில், எந்த ஓட்டுத்துண்டின் அருகில் கிடைத்தது என்று தெரிந்தால், அது ஒரு வணிகப் பாதையைப் பேசக்கூடும். பிடுங்கி எடுத்தால் வெறும் செம்பு. கெடிகேயின் கற்களை மீண்டும் அடுக்க முடிந்தது, ஒவ்வொன்றின் இடமும் தெரிந்திருந்ததால். இடம் தெரியாத நாணயத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டப்படி, சொந்தக் காணியிலும் அனுமதிப்பத்திரமின்றித் தொல்பொருள் தேடித் தோண்டுதல் குற்றமாகும். விடுமுறையில் ஊர் திரும்பும் அன்பர்கள் கருவியோடு வரவேண்டாம். கிணறு வெட்டும்போதோ தோட்டம் கொத்தும்போதோ பழங்காசு தென்பட்டால் தேய்க்காதீர்கள், புளியிட்டுக் கழுவாதீர்கள். களிம்போடு சேர்ந்து எழுத்தும் போய்விடும். இடத்தைக் குறித்து வைத்து, தொல்பொருள் திணைக்களத்துக்கோ அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கோ அறிவியுங்கள். நம் முன்னோர் இம்மண்ணில் நடமாடியதற்குச் சாட்சி கேட்கப்படும் நாட்டில், சாட்சியை நாமே அழித்துவிடலாகாது.