ஹட்சன் ஆத்துக்கு அந்தப் பக்கம்

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே கிடந்த பதிவு. மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும், இன்னிக்கு கொஞ்சம் சீரியஸ்.

எனக்கு மனச்சிதைவு நோய். 2021லயும் 2023லயும் மருந்தை நானே நிறுத்திட்டு ஆஸ்பத்திரியில் போய் விழுந்தேன். ரெண்டாவது தடவை என்னை குயின்ஸ்ல ஒரு நீதிபதி முன்னால் உட்கார வெச்சாங்க. குத்தம் எதுவும் செய்யலை. நியூயார்க்கில் கெண்ட்ரா சட்டம்னு ஒண்ணு இருக்கு. 1999 ஜனவரியில் கெண்ட்ரா வெப்டேல்ங்கற பெண்ணை, வைத்தியம் விட்டுப்போன ஒருத்தர் ஓடுற ரயில் முன்னால தள்ளிட்டார். அதே வருஷம் வந்த சட்டம். மருந்தை விட்டு மூணு வருஷத்துக்குள்ள ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனவங்களை, வெளியில் இருந்தபடியே வைத்தியம் எடுத்துக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு போடலாம். நான் யாரையும் தள்ளினதில்லைங்க. ஆனா அந்தப் பேருதான் என் ஃபைல்லயும்.

எனக்கு ஒரு வருஷ உத்தரவு. ஒரு கேஸ் மேனேஜர், நாலு வாரத்துக்கு ஒரு ஊசி. மாட்டேன்னா ஜெயில் கிடையாது, பிடிச்சு வெச்சு ஊசி போடவும் அந்த உத்தரவுல இடமில்லை. ஆனா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் 72 மணி நேரம் வரை வெச்சுப் பார்க்கலாம்.

2024ல வாடகை கட்டுப்படியாகலை. "எடிசனுக்கே வந்துடுடா, மாடி ரூம் சும்மாதானே கிடக்கு"ன்னா அக்கா. கோர்ட் கொடுத்த வக்கீல்கிட்ட கேட்டேன். நியூயார்க்குக்குள்ள பஃபலோ வரைக்கும் போனாலும் உத்தரவு கூடவே வருமாம். நியூ ஜெர்ஸி வேற மாநிலம், அங்க தனிச் சட்டம், தனி கோர்ட். இங்கத்த உத்தரவு அங்க செல்லாது.

பொய் சொல்லலை, அன்னிக்கு ராத்திரி சந்தோஷத்துல தூக்கமே வரலை. ஆத்தைத் தாண்டினா ஊசி இல்லை!

மறுநாள் அக்காகிட்ட பெருமையா சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சரி, அப்ப ஊசியை யார் போடுவா?"

அவ்வளவுதான் கேட்டா. எனக்கு அவ பொண்ணு ஞாபகம் வந்துச்சு. 2023ல அவங்க வீட்டு டிவிக்குப் பின்னால மைக் இருக்குன்னு நான் ஒயரையெல்லாம் பிடுங்கினப்போ, அந்த நாலு வயசுக் குழந்தை கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிருந்தா. இனிமே அதே வீட்டு மாடியில நான்.

எடிசன் பக்கம் கிளினிக் கிளினிக்கா போன் போட்டேன். கிடைச்ச முதல் தேதி ஆறு வாரம் தள்ளி. நியூயார்க் மெடிக்கெய்ட் அங்க செல்லாது, புதுசா விண்ணப்பிக்கணும். அதனால ஒரு மாச வாடகையைக் கடன் வாங்கிக் கட்டி, குயின்ஸ்லயே ஒரு ஊசி போட்டுக்கிட்டு, மறுநாள் கிளம்பினேன். கேஸ் மேனேஜர் ஃபைலை முன்னாடியே அனுப்பிட்டார். போற வழியில ஃப்ளஷிங் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு, கோவில் கேண்டீன்ல ஒரு மசால் தோசை.

இருபத்தாறாம் நாள் புது கிளினிக். உள்ள போனதும் ஒரு படிவம் கொடுத்தாங்க. 'யார் அனுப்பியது?'ன்னு ஒரு கேள்வி. ரொம்ப நேரம் பேனாவை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் 'நானே'ன்னு எழுதினேன்.

பி.கு: ஊர் மாறுறவங்க பெட்டி கட்டுறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பார்த்துக்குங்க: அங்கத்த டாக்டர் தேதி, காப்பீடு, கையில எத்தனை நாள் மருந்து. சாமானெல்லாம் அப்புறம் வாங்கிக்கலாம்.