வலியினூடே ஒரு பாடல்

என் அன்னை முடக்குவாதத்தால் படுத்த படுக்கையாகக் கிடந்த காலம் அது. விரல்கள் வளைந்து, முழங்கால்கள் வீங்கி, செபமாலை மணிகளைக்கூட உருட்ட இயலாத நிலை. மாலைதோறும் அருகில் அமர்ந்து, நான் அறிந்த ஆறுதல் மொழிகளையெல்லாம் அடுக்குவேன். "வலியை ஆண்டவருடைய பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுங்கள் அம்மா" என்பேன். ஒருநாள் அவர் கண்களை மூடியபடியே சொன்னார்: "அதெல்லாம் எனக்குத் தெரியும் ராசா. கொஞ்ச நேரம் பேசாம என் கையைப் பிடிச்சிக்கிட்டு உட்காரு."

அன்று அச்சொற்கள் என்னைச் சுட்டன. அவற்றின் பொருளை எனக்கு உணர்த்தியவர், அன்னை மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின் இசைத்தட்டு ஒன்றின் வழியே நான் சந்தித்த சுவீடன் நாட்டு இசைமேதை ஆலன் பெட்டர்சன்.

1911-இல் பிறந்த அவர் வளர்ந்தது, ஸ்டாக்ஹோம் நகரில் ஏழைத் தொழிலாளர் நிறைந்திருந்த சோடர்மால்ம் பகுதியில். தந்தை கொல்லர், குடிக்கு அடிமையானவர். தாயோ இறைப்பற்று மிக்கவர். பக்திப் பாடல்களைப் பாடி மனத்தைத் தேற்றிக்கொள்பவர். வசைமொழியும் இறைப்புகழும் ஒரே கூரையின்கீழ் ஒலித்த வீடு அது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளை விற்றுச் சேர்த்த காசில் சிறுவன் ஒரு வயலின் வாங்கினான். அதுவே அவன் வாழ்வின் திசையை மாற்றியது. இசைக்கல்லூரியில் பயின்று, ஸ்டாக்ஹோம் இசைக்குழுவில் வயோலாக் கலைஞரானார் பெட்டர்சன். 1943 முதல் 1945 வரையிலான ஆண்டுகளில், தாமே கவிதை புனைந்து, 'வெறுங்கால் பாடல்கள்' என்னும் 24 எளிய பாடல்களை இயற்றினார். அவற்றில் அவருடைய இளமையின் ஏழ்மையும் ஏக்கமும் உறைந்திருக்கின்றன.

1950-களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரில் ஆர்தர் ஹொனெகர் முதலியோரிடம் இசையாக்கம் கற்றுத் திரும்பினார். அப்போதுதான் நோய் அவரைப் பற்றியது. அதுவும் என் அன்னையைப் பற்றிய அதே முடக்குவாதம்! வயோலாவை ஏந்திய கைகள் அதனைக் கீழே வைக்க நேர்ந்தது. லிஃப்ட் வசதியற்ற மாடிக் குடியிருப்பே நாளடைவில் அவருக்குச் சிறையாயிற்று. ஆயினும் கோணிய விரல்களால் பேனாவைப் பற்றி, பெரும் இசைக்குழுக்களுக்கான சிம்பொனிகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதினார். 1970-இல் மருத்துவமனையில் ஒன்பது மாதங்கள் உயிருக்குப் போராடியபோதும், பத்தாம் சிம்பொனியைப் படுக்கையிலேயே தொடங்கினார்.

அவருக்குப் புகழ் ஈட்டித் தந்தது ஏழாம் சிம்பொனி. 1968 அக்டோபரில் அந்தால் தொராட்டி அதனை ஸ்டாக்ஹோமில் முதன்முறையாக நடத்தினார். இடைவெளியே இல்லாமல் நாற்பது நிமிடங்களுக்கு மேல் நீளும் ஒரே ஓட்டம் அது. முதன்முறை கேட்டபோது என்னால் முழுவதும் தாங்க இயலவில்லை. தணிவதுபோல் தணிந்து மீண்டும் மூளும் வலியைப்போல அந்த இசை விடாது துரத்துகிறது. பின்னர், எதிர்பாராத ஓரிடத்தில், தந்திக் கருவிகள் மட்டும் மெல்ல ஒரு நீண்ட இன்னிசையைத் தொடங்குகின்றன. புயல் மீண்டும் வருகிறது. இறுதியில் இசை ஓசையின்றித் தேய்கிறது. வெற்றி முழக்கமும் இல்லை. 'எல்லாம் நன்மைக்கே' என்ற அறிவுரையும் இல்லை. வேதனைப்படுபவரின் அருகே அமைதியாக ஒருவர் அமர்ந்திருக்கிறார், அவ்வளவே.

தம் நோயை மட்டும் அவர் பாடவில்லை. 1974-இல் எழுதிய பன்னிரண்டாம் சிம்பொனியில், சிலி நாட்டுச் சதுக்கத்தில் சுடப்பட்டு மாண்டவர்களைப் பற்றிய பாப்லோ நெரூதாவின் கவிதைகளுக்கு இசையமைத்தார். சொந்த வலி அவரைப் பிறர் வலிக்குச் செவிடராக்கவில்லை.

அவருடைய இரண்டாம் வயலின் இசைக்கோவை 1977-இல் பிறந்தது. அதில் இசைக்குழுவின் கொந்தளிப்பினூடே, பழைய வெறுங்கால் பாடல் ஒன்று விட்டுவிட்டுத் தலைகாட்டுகிறது. ஆண்டவர் புல்வெளியில் நடந்து செல்வதைப் பாடும் பாடல் அது. முப்பதாண்டுகளுக்கு மேலாகியும், அத்தனை வேதனைக்கு அடியிலும், அப்பாடல் அழியாமல் இருந்திருக்கிறது! 1980 ஜூன் 20 அன்று அவர் மறைந்தார். பதினேழாம் சிம்பொனி முற்றுப்பெறாமலே நின்றது.

யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள்களும் ஒரு சொல்லும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள் என்று விவிலியம் கூறுகிறது. வாய் திறந்த பின்னர்தான் அவர்கள் அவரைப் புண்படுத்தினார்கள். என் அன்னையின் படுக்கையருகே நானும் அவ்வாறே பேசிவிட்டேன். என் சொற்கள் பொய்யல்ல. ஆனால் அவை அவருடைய வலியைவிட என் அச்சத்தையே தணித்தன என்பதை இன்று உணர்கிறேன்.

நோயுற்றோரைக் காணச் செல்லும்போது இப்போதெல்லாம் நான் அதிகம் பேசுவதில்லை. அவர்கள் கையைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருக்கிறேன். உள்ளே எங்கோ அவர்களுக்குரிய பாடல் ஒலித்துக்கொண்டிருக்கும். அதைக் கேட்க என் மௌனம் அவர்களுக்கு இடம் தரட்டும்.