விளிம்பில் பொறிக்கப்பட்ட பெயர்



நம் சபையாரில் சிலர் வீட்டுத் தகரப்பெட்டியில், பத்திரங்களுக்கும் ஞானஸ்நானச் சான்றிதழ்களுக்கும் அடியில், ஒரு பழைய பதக்கமோ, பித்தளைச் சின்னமோ, சிப்பாய் உடையில் நிற்கும் ஒருவரின் பழுப்பேறிய புகைப்படமோ கிடக்கிறது. “பாட்டனார் பட்டாளத்தில் இருந்தார்” என்பதற்கு மேல் வீட்டாருக்கு ஒன்றும் தெரிவதில்லை.

மழைக்காலத்தில் மரக்காணத்து உப்பளங்களில் வேலை நின்றுவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அத்தகைய ஒரு மாதத்தில், நம் சகோதரி ஒருவர், பழைய பொருள் வாங்குகிறவர் தம் வீட்டுப் பதக்கத்திற்கு வெள்ளியின் எடைக்கு விலை பேசியிருப்பதாகச் சொல்லி, விற்கலாமா என்று கேட்டார். வறுமையில் விற்பது குற்றமன்று. ஆனால் படிக்காமல் விற்க வேண்டாம் என்றேன்.

பதக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது அதன் விளிம்பு. முதல் உலகப்போருக்காக வழங்கப்பட்ட வெள்ளிப் போர்ப் பதக்கத்தின் விளிம்பில், அதைப் பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை சிறிய ஆங்கில எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும். சகோதரியின் மகன் கைப்பேசி வெளிச்சத்தில் அதை எழுத்தெழுத்தாகப் படித்தான். பட்டப்பெயரால் மட்டுமே குடும்பத்தார் அறிந்திருந்த முதியவரின் முழுப்பெயர் அதில் இருந்தது.

உடையும் பேசும். தோள்பட்டையிலுள்ள பித்தளை எழுத்துகள் படைப்பிரிவின் பெயர்ச்சுருக்கம். சின்னத்தில் கிரீடம் இருந்தால் அது ஆங்கிலேயர் காலத்து அமைப்பு. 1950இல் நாடு குடியரசானபின் கிரீடத்தின் இடத்தில் அசோகச் சிங்கங்கள் வந்தன. கேடயத்தின்மேல் யானையும் குறுக்கு வாள்களும் இருந்தால், அது மெட்ராஸ் ரெஜிமெண்டின் சின்னம். அந்த யானை 1803இல் நடந்த அசாயே போரை நினைவூட்டுவது. புகைப்படமானால் பின்பக்கத்தையும் பாருங்கள். படக்கடையின் முத்திரை ஊரைக் காட்டிக்கொடுக்கும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. யோசேப்பின் அங்கியை யாக்கோபு சரியாகவே அடையாளம் கண்டார். ஆனால் மகன் மாண்டுபோனான் என்று அதிலிருந்து அவர் கொண்ட முடிவு தவறு. உடை யாருடையது என்பது வேறு. அவருக்கு என்ன நேர்ந்தது என்பது வேறு. கடையில் வாங்கிய சின்னத்தைப் பழைய சட்டையில் தைத்துவைப்பவர்களும் உண்டு. ஆகையால் பதக்கம், படம், கடிதம், ஓய்வூதியத்தாள் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்ட பின்னரே நம்புங்கள்.

இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்பீர்களானால், பாஸ்ரா நினைவுச்சின்னத்தை எண்ணிப்பாருங்கள். மெசபொத்தேமியாவில் மாண்ட பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டன. இந்தியரிலோ, அதிகாரிகளைத் தவிர மற்றவர்கள் எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டார்கள். ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை இவ்வாறு சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டதாகக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கை கணக்கிட்டது. ஆணையமும் மன்னிப்புக் கேட்டது. கல்லில் இடம்பெறாத ஒருவரின் பெயர், உங்கள் பெட்டியிலுள்ள உலோகத்தின் விளிம்பில் இருக்கக்கூடும். எடைக்கு விற்றால் அது உருக்கப்படும். பெயரும் அதனோடு போய்விடும்.

எனவே சில வேண்டுகோள்கள். புளியோ சாம்பலோ இட்டுப் பதக்கத்தைத் தேய்க்காதீர்கள்; பளபளப்பு கூடக்கூட எழுத்து தேயும். நம் கடற்கரையின் உப்புக்காற்று பித்தளையை அரிக்கும். ஆகவே உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். புகைப்படத்தை லேமினேஷன் செய்யாதீர்கள். பின்புற ஓரத்தில் மெல்லிய பென்சிலால் பெயரை எழுதுங்கள். விற்றே ஆகவேண்டுமானால், இருபுறத்தையும் விளிம்பையும் படமெடுத்து, எழுத்துகளைக் குடும்ப வேதாகமத்தின் முதற்பக்கத்தில் எழுதிய பின் கொடுங்கள்.

படத்தில் நிற்பவரைச் சிறுவயதில் நேரில் கண்டவர்கள் நம்மிடையே ஒரு சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் வீட்டுப் படத்தைக் கொண்டுவாருங்கள். அந்த முதியவர்களின் அருகே அமர்ந்து, “இவர் யார்?” என்று கேட்டு எழுதிக்கொள்வோம்.