சீர்காழியில் ஒரு கேசட் வைத்தியர்

ஒரு கேசட்டில் ஐந்து ஸ்க்ரூ இருக்கும். மூலைக்கு ஒன்றாக நான்கு, நடுவில் ஒன்று. சீர்காழி சட்டைநாதர் கோயிலிலிருந்து நாலைந்து தெரு தள்ளி, ஒரு மொபைல் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஆறடி அகலத்தில் ஒடுங்கியிருக்கும் கடை அது. மெக்கானிக் ஐந்தையும் கழற்றி ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தில் ஒட்டவைத்தார். பிறகு அந்தக் காந்தத்தை மேசையின் மறுகோடிக்குத் தள்ளினார். காந்தம் பக்கத்தில் இருந்தால் நாடாவில் இருக்கும் குரல் போய்விடும். மேல்மூடியைத் தூக்கினார். பழுப்பு நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூசணம்.

“தண்ணி குடிச்ச கேசட்டு தம்பி. அப்படியே டெக்குல போட்டா ஹெட்டு பூரா அப்பிக்கும். அப்புறம் அடுத்த கேசட்டும் காலி.”

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியதை ஊர் இன்னும் மறக்கவில்லை. இளம் சம்பாப் பயிர் மூழ்கியது பேப்பரில் வந்தது. கட்டிலுக்கடியில் கிடந்த தகரப் பெட்டிகள் நனைந்தது எந்தப் பேப்பரிலும் வரவில்லை. அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர்களில் சிலர் இவரிடம் வருகிறார்கள்.

அறுபதைத் தாண்டியவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெளியே தொங்கும் பலகையிலும் ‘மிக்ஸி, ஃபேன், கிரைண்டர் ரிப்பேர்’ என்றுதான் இருக்கிறது. தொழிலுக்கு வந்தது மைக் செட்டுக்கு எடுபிடியாக. குழாய் ஸ்பீக்கரைத் தோளில் தூக்கிக்கொண்டு தென்னை மரத்தில் ஏறிக் கட்டுவது முதல் வேலை. கல்யாணமோ, காதுகுத்தோ, கோயில் திருவிழாவோ, குழாயில் முதலில் ஒலிப்பது பிள்ளையார் பாட்டு. அதைப் பாடியவர் இதே ஊர்க்காரரான சீர்காழி கோவிந்தராஜன். 1933இல் பிறந்து 1988இல் மறைந்த அவருடைய குரல், தகரக் குழாயில் வந்தாலும் பிசிறடிக்காது என்பது மைக் செட்காரர்களின் கணக்கு.

பிறகுதான் ரெக்கார்டிங் கடை. கேசட்டை பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் காட்டியது 1963இல். டெல்டா கிராமங்களின் டீக்கடை வரை அது வந்து சேர இருபது ஆண்டு பிடித்தது. வந்ததும் ஒரு புதுத் தொழில் முளைத்தது. வாடிக்கையாளர் நோட்டுத் தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுப்பார். கடைக்காரர் இசைத்தட்டிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றி, இரண்டு நாளில் கொடுப்பார். சட்டப்படி அது திருட்டுதான். அதை அவரே சிரித்துக்கொண்டு ஒத்துக்கொள்கிறார். ஆனால் அதே மேசையில் எந்தக் கம்பெனியும் தொடாத சங்கதிகளும் பதிவாகின. ஒப்பாரி, நடவுப்பாட்டு, கட்சிக் கூட்டப் பேச்சு, பள்ளிவாசல் விழாப் பாடல் என்று பட்டியல் நீள்கிறது.

இசைத்தட்டு அச்சடிக்கத் தொழிற்சாலை வேண்டும். கேசட் போட ரெண்டு டெக்கும் ஒரு ஒயரும் போதும். வட இந்தியாவில் இந்த மாற்றம் பாட்டையே எப்படித் திருப்பிப் போட்டது என்று பீட்டர் மானுவல் 1993இல் ஒரு தனிப் புத்தகமே எழுதினார். தமிழ்நாட்டில் அந்தக் காலத்தைச் சொல்ல கே.ஏ.குணசேகரன் ஒருவர் போதும். நாட்டார் பாடல் ஆய்வாளர், பேராசிரியர், தன்னானே கலைக்குழுவை நடத்தியவர். கவிஞர் இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாடலை மேடை மேடையாகக் கொண்டுபோனது அவர் குரல். மேடைக்கு வராதவர்களிடம் அந்த மாதிரிப் பாட்டைச் சேர்த்தது கேசட். கேசட்டிலிருந்து இன்னொரு கேசட், அதிலிருந்து இன்னொன்று. ஒவ்வொரு பிரதியிலும் இரைச்சல் கொஞ்சம் கூடும், பாட்டு கேட்கும் ஊரும் ஒன்று கூடும்.

“கேசட்டு முதுகுல ரெண்டு பல்லு இருக்கும், பாத்திருக்கீங்களா?” என்று ஒன்றை எடுத்துக் காட்டினார். சின்ன பிளாஸ்டிக் தகடு. அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் மேற்கொண்டு எதையும் ஏற்ற முடியாது. மனம் மாறி மறுபடி ஏற்ற வேண்டுமென்றால் அந்தக் குழியில் செல்லோ டேப் ஒட்ட வேண்டும். கடைக்காரர்கள் பல்லை உடைத்துத்தான் கொடுப்பார்கள். வீட்டில் பதிவு செய்தவர்கள் பெரும்பாலும் உடைக்க மாட்டார்கள்.

பேசிக்கொண்டே, பூசணம் பிடித்த நாடாவைச் சுருளோடு தூக்கினார். நாடாவின் அகலம் நாலு மில்லிமீட்டர்கூட இல்லை, 3.81தான். ஏற்கெனவே நிழலில் ஒரு வாரம் காய வைத்திருந்தார். வெயிலில் வைத்தால் நெளிந்துவிடும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சை இரு விரலுக்கு நடுவில் பிடித்து, அதன் ஊடாக நாடாவை மெல்ல இழுத்துச் சுற்றினார். பஞ்சு பழுப்பானதும் வேறு பஞ்சு. அறுபது நிமிடக் கேசட் என்றால் கிட்டத்தட்ட 90 மீட்டர் நாடா. முடித்ததும் சுருளை வேறு கூட்டுக்கு மாற்றினார். ஹெட்டோடு நாடாவை அழுத்திப் பிடிக்கும் பொட்டு அளவு கம்பளித் துண்டு பழைய கூட்டில் உதிர்ந்து போயிருந்தது. அது இல்லாவிட்டால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்குமாம்.

கடையின் மேல்தட்டில் ஒரு பழைய வால்வு ரேடியோ. கடற்கரை ஓர டெல்டாவில் இலங்கை வானொலி உள்ளூர் நிலையம்போலக் கேட்கும். 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது இந்தியா முழுக்க நேயர்கள் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். 1957இல் விவித பாரதி வந்த பிறகும் இந்தப் பக்கம் பலர் முள்ளைத் திரும்பத் திருப்பவில்லை. டேப் ரிக்கார்டர் வந்ததும் ரேடியோ எதிரில் அதை வைத்து, வீட்டில் யாரும் தும்மக்கூட விடாமல் பாட்டுப் பிடித்தார்கள்.

ரேடியோப் பேச்சு வந்ததும் ராகவ் மஹதோவின் கதையை மெக்கானிக்கிடம் சொன்னேன். பீகாரின் மன்சூர்பூர் கிராமத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த இளைஞர். சுமார் ஐம்பது ரூபாய்ச் செலவில் ஒரு எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் செய்து, மூங்கில் கழியில் ஆன்டெனா கட்டி, கேசட்டில் இருந்த பாட்டுகளை ஊருக்கு ஒலிபரப்பினார். லைசென்ஸ் என்று ஒன்று வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. 2006இல் செய்தி உலகெங்கும் பரவியதும் அதிகாரிகள் வந்து மூடிவிட்டார்கள்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. “ஒரு டிரான்சிஸ்டர், கையால சுத்துன காயிலு, ஒரு டிரிம்மர். செய்யறது பெரிசில்ல தம்பி. சூடேறினா ஸ்டேஷன் நகரும். பக்கத்து ஸ்டேஷன் மேல ஏறாம ஒரே எடத்துல நிறுத்துறான் பாருங்க, அதுதான் வேலை.”

அலைவரிசை பொதுமக்கள் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் சமுதாய வானொலிக் கதவு முதலில் கல்லூரிகளுக்குத்தான் திறந்தது. 2004 பிப்ரவரியில் சென்னையில் அண்ணா எஃப்.எம். வந்தது. ராகவின் நிலையம் மூடப்பட்ட அதே 2006இன் நவம்பரில்தான் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. தெலங்கானாவின் மாச்சனூரில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ 2008 அக்டோபரில் காற்றில் ஏறியது. அதற்கு முன் பல ஆண்டுகள் அவர்கள் நிகழ்ச்சிகளைக் கேசட்டில் பதிந்து ஊர்க் கூட்டங்களில் போட்டுக் காட்டினார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேளாங்கண்ணிக்குத் தெற்கே விழுந்தமாவடியில் தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் சமுதாய வானொலி வந்தது. விதி இன்றும் அமைப்புகளுக்குத்தான். தனி ஆளுக்கு, அவர் எவ்வளவு கை தேர்ந்த மெக்கானிக் ஆனாலும், லைசென்ஸ் கிடையாது. செய்தி என்றால் ஆகாசவாணிச் செய்தியைத்தான் அப்படியே எடுத்துப் போடலாம்.

சாயங்காலம் அந்தப் பூசணக் கேசட்டுக்குச் சொந்தக்காரம்மா வந்தார். கொள்ளிடம் பக்கத்து ஊர், ஐம்பதைத் தாண்டிய வயது. அது அவருடைய அப்பா சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பேச்சுக் கடிதம். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்காக, தபாலுக்குப் பதிலாகக் கேசட்.

மெக்கானிக் கேசட்டை டெக்கில் போட்டார். மூட்டமாக ஒரு முனகல். ஹெட் பக்கத்தில் இருந்த பொடி ஸ்க்ரூவைக் கால் திருப்பு திருப்பினார். இன்னும் ஒரு மயிரிழை. திடீரென்று குரல் தெளிந்தது. நாத்து விட்டாச்சா, செவலை கன்னு போட்டுதா, பெரியவன் பள்ளிக்கூடம் போறானா. அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். எட்டு நிமிடம் போயிருக்கும். வாக்கியம் பாதியில் ‘டக்’கென்று அறுந்து, ஒரு சினிமாப் பாட்டு. முடிந்ததும் இலங்கை வானொலி அறிவிப்பாளரின் குரல்.

“பல்லு உடைக்காம விட்டிருக்காங்க, யாரோ மேல ஏத்திட்டாங்க” என்றார் மெக்கானிக்.

“யாரோ இல்லண்ணே, நான்தான். எட்டாவது படிக்கிறப்ப.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பாட்டு மட்டும் ஓடியது.

“வெட்டிட்டு அப்பா பேசினதை மட்டும் பென் டிரைவுல போட்டுத் தரட்டுமா?”

“வேணாம்ணே. பாட்டோட இருக்கட்டும்.”

மெக்கானிக் நாடாவை முதலுக்குச் சுற்றினார், ஒயரைக் கம்ப்யூட்டரில் செருகினார். அறுபது நிமிடக் கேசட்டை ஏற்ற அறுபது நிமிடம் ஆகும், அதற்குக் குறுக்கு வழி இல்லை. அந்த அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏற்றி முடித்ததும், மெக்கானிக் கேட்காமலேயே கேசட்டின் இரண்டு பல்லையும் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தார். வாசலில் மிக்ஸி ஜாரோடு ஒருவர் வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தார்.