நனைந்த தானியமும் நனைந்த காரும்

 

கார் என்பது ஒரு காலத்தில் செல்வந்தர் வீட்டுப் பொருளாக இருந்தது. இன்று தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையின் இரு மருங்கிலும் வாழும் நடுத்தரக் குடும்பங்களின் வாசலிலும் அது நிற்கிறது. வயது முதிர்ந்த தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்கும், கைக்குழந்தையோடு உறவினர் இல்லத் திருமணத்திற்குச் சென்று வருவதற்கும் அது தேவையாகிவிட்டது. இதனை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

காட்டாங்குளத்தூரில் மதரஸாப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவனுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயினும் பிள்ளைகளை ஓத அழைத்து வரும் பெற்றோர், "ஹஜ்ரத், பழைய கார் ஒன்று வாங்கப் போகிறோம், துஆ செய்யுங்கள்" என்று கூறிவிட்டு, கூடவே ஆலோசனையும் கேட்கின்றனர். துஆவுடன் நிறுத்திக்கொள்ள மனம் ஒப்பவில்லை. அனுபவமுள்ள மெக்கானிக் சகோதரர்களிடம் கேட்டறிந்ததையும், கொடுக்கல் வாங்கல் பற்றி நாங்கள் கிதாபுகளில் கற்பிப்பதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

புதியதா, பழையதா?

புதிய கார் சாலையில் இறங்கிய நாளிலிருந்தே மதிப்பை இழக்கத் தொடங்குகிறது. வாகனத்தின் மதிப்பைக் கணக்கிட இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் வழக்கமாகப் பின்பற்றும் அட்டவணையில், முதல் ஆறு மாதங்களுக்கு 5 விழுக்காடு கழிக்கப்படும். ஓராண்டு நிறைவதற்குள் அது 15 விழுக்காடாகும். பின்னர் ஆண்டுதோறும் வளர்ந்து, ஐந்தாம் ஆண்டு நிறையும்போது 50 விழுக்காடாகிவிடும். ஆறு இலட்சத்திற்கு வாங்கிய வண்டி அந்தக் கணக்கில் மூன்று இலட்சமாகிறது. அந்த ஆறு இலட்சத்தையும் வட்டிக் கடனாகப் பெற்றிருந்தால், பொருள் தேய்ந்துகொண்டே போக, பாவச் சுமையோ தவணைதோறும் ஏறிக்கொண்டே போகும். கையிலுள்ள தொகைக்கு அடங்கும் நல்ல பழைய வண்டி, வட்டியில் வந்த புதிய வண்டியைவிடக் கண்ணியமானது என்பதே என் கருத்து.

பழைய வண்டிக்கு விலை பேசும்போது, விற்பவர் அன்று கொடுத்த விலையை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். அதே வகைப் புதிய வண்டியின் இன்றைய விலையோடு ஒப்பிடுங்கள். சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முன் அதிக வரி கொடுத்து வாங்கியவரின் செலவை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு செய்திகளைக் கருத்திற் கொள்ளுங்கள். ஓட்டுநருக்கான காற்றுப்பை நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல்தான் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முந்திய வண்டியாயின் அது இருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்து, அந்த வண்டியைத் தயாரித்த நிறுவனம் இன்னும் அதனைத் தயாரிக்கிறதா என்று பாருங்கள். நமக்கு அண்டையிலுள்ள மறைமலைநகரில் இயங்கிய ஃபோர்டு தொழிற்சாலை, 2021 செப்டம்பரில் வெளியான அறிவிப்பைத் தொடர்ந்து 2022இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. தயாரிப்பு நின்ற வண்டியை வாங்கக் கூடாது என்பதில்லை. உதிரிப் பாகங்களும் பழுது பார்க்கும் இடமும் அருகில் உள்ளனவா என்று உறுதி செய்துகொண்டு வாங்க வேண்டும்.

மழை கற்பித்த பாடம்

2015ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தை நம் பகுதியினர் மறந்திருக்க முடியாது. அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் அதே துயரம் நேர்ந்தது. வாசலில் நின்ற கார்கள் நீரில் மூழ்கின. இப்படி மூழ்கிய வண்டிகளில் பல, துடைத்து மெருகேற்றப்பட்டுச் சந்தைக்கு வருவதுண்டு. பார்வைக்குப் புத்தம் புதிதாகத் தோன்றும். மின்கம்பிகளின் இணைப்புகளில் உப்பும் துருவும் மெல்ல வளர்ந்து, மாதங்கள் சென்றபின் ஒவ்வொன்றாகக் கோளாறு காட்டும்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது அதனுள் கையை நுழைத்துப் பார்த்த நிகழ்ச்சியை நீங்கள் பயான்களில் கேட்டிருப்பீர்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்தச் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டபோது, மழை நனைத்துவிட்டது என்றார் வணிகர். அப்படியாயின் மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிய நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள்.

புயலுக்குப் பின் எங்களுக்கு அறிமுகமான சகோதரர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வியுடன் வந்தார். அவருடைய கார் இருக்கை மட்டத்திற்கு நீரில் நின்றிருந்தது. அவரிடம் இருந்ததோ மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸ் மட்டுமே. ஆகவே சொந்த நஷ்டத்திற்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. கடன் வாங்கிச் சீர் செய்தார். மகளின் நிக்காஹ் நெருங்கியதால் விற்க வேண்டிய நிலை.

"ஹஜ்ரத், வாங்க வருகிறவர் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பொய் சொல்ல மாட்டேன். அவர் கேட்காவிட்டால் நானாகச் சொல்லத்தான் வேண்டுமா?"

அந்தப் பணம் எதற்காகத் தேவைப்படுகிறது என்று அறிந்திருந்த எனக்கு, உடனே விடை சொல்வது எளிதாக இல்லை. நாட்டின் சட்டம் அவர் பக்கம் சாய்வது போலத்தான் இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பேச வேண்டிய கடமை இல்லாத நிலையில் வெறும் மௌனத்தை மோசடி என்று பொதுவாகக் கொள்வதில்லை. ஆனால் அந்த மதீனத்து வணிகரைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவர் பொய் சொன்னதாக அந்தச் செய்தியில் இல்லை. கேட்டவுடன் உள்ளதைத்தான் சொன்னார். அப்படியிருந்தும் கண்டிக்கப்பட்டார். கேட்டால் சொல்வது போதுமானதாக இருந்திருந்தால் அவர் தப்பியிருப்பார் அல்லவா? இதைத்தான் அச்சகோதரரிடம் கூறினேன். "பாய், ஈரத்தை மேலே வையுங்கள், விலையை அல்லாஹ்விடம் விட்டுவிடுங்கள்" என்றேன்.

அவர் நீண்ட நேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். பிறகு அவ்வாறே செய்தார். வந்தவர்களிடம் வெள்ளம் புகுந்ததை முதலிலேயே சொன்னார். இருவர் திரும்பிச் சென்றனர். மூன்றாவதாக வந்தவர் மாற்றுமதச் சகோதரர். வாகனத் தொழில் தெரிந்தவர். பழுதைக் கணக்கிட்டு விலையைக் குறைத்து வாங்கிக்கொண்டார். நிக்காஹ் விருந்து சுருங்கியது. அவருடைய வீட்டாருக்கு அன்று வருத்தந்தான். அந்த வியாபாரத்தின் பரக்கத் எந்த வழியில் வந்தது என்று கணக்குக் காட்ட என்னால் இயலாது. வாங்கியவர் இன்றும் அவரைச் சாலையில் கண்டால் வண்டியை நிறுத்தி நலம் விசாரிக்கிறார் என்பதை மட்டும் அறிவேன்.

துணி வணிகரான இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பங்காளி, குறையுள்ள ஒரு துணியை அக்குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டபோது, இமாமவர்கள் அந்த விற்பனைத் தொகை முழுவதையும் தர்மம் செய்துவிட்டதாக வரலாறு கூறுகிறது. அங்கே நிகழ்ந்தது மறதிதான். நாம் மறதியைப் பற்றியா பேசிக்கொண்டிருக்கிறோம்?

வாங்குபவர் கையை நுழைக்கட்டும்

விற்பவர் எல்லோரும் அச்சகோதரரைப் போல் இருப்பார் என்று நம்பி நாம் கண்ணை மூடிக்கொள்ளலாகாது. குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்ப்பதும் நமக்குக் கிடைத்த வழிகாட்டுதலே.

வண்டியைப் பகலில் பாருங்கள். நீங்கள் வரும்வரை என்ஜினை ஓட்டாமல் வைக்கச் சொல்லுங்கள். சென்றவுடன் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். முன்பே சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் தெரியக்கூடிய குறையை மறைத்திருக்கக்கூடும். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை வந்தால் எரிபொருள் மிகையாகிறது. வெண்புகை நிற்காமல் வந்தால் குளிர்நீர் உள்ளே கசிகிறது என்று பொருள். ஆயில் மூடியைத் திறந்து அதன் அடிப்புறத்தைக் காணுங்கள். பாலாடை போல் படிந்திருந்தால் ஆயிலில் நீர் கலந்திருக்கலாம்.

வெள்ளத்தில் நனைந்த வண்டியை அறிய, காலடி விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் சேறு படிந்துள்ளதா, இருக்கைகளைத் தாங்கும் தண்டவாளங்களில் துருவேறியுள்ளதா என்று கவனியுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். தொட்டுத் துடைக்கும் கை அவ்வளவு தூரம் போவதில்லை. முகப்பு விளக்கினுள் நீராவி படிந்திருப்பதும், பழைய வண்டியில் விரிப்பு மட்டும் புதிதாக இருப்பதும் ஐயத்திற்குரியவை.

ஓடிய தூரத்தைக் காட்டும் எண்களை மட்டும் நம்பாமல் சர்வீஸ் சீட்டுகளோடு ஒப்பிடுங்கள். பிரேக் மிதியின் ரப்பரும் ஸ்டியரிங்கின் தேய்மானமும் வண்டியின் வயதைச் சொல்லிவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது என்று பொருள். இவற்றையெல்லாம் பார்த்த பின்னரும், விற்பவரையோ புரோக்கரையோ சாராத மெக்கானிக் ஒருவருக்கு உரிய கூலி கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். இலட்சங்களைக் காக்கும் கூலி அது.

எழுத்தில் இல்லாதது இல்லை

குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடனை எழுதி வைப்பதையும் சாட்சிகளை ஏற்படுத்துவதையும் பற்றியது. தெரிந்தவர்தானே என்ற தயக்கத்தில் நாம்தான் எழுத்தை விட்டுவிடுகிறோம்.

வண்டியின் சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளவற்றோடு பொருந்த வேண்டும். கார் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். எஞ்சியிருப்பது எத்தனை ஆண்டு என்று கணக்கிடுங்கள். கடன் பதிவு இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் இன்றிப் பணம் கொடுக்காதீர்கள். நிலுவை அபராதங்களைப் பரிவாகன் இணையத்தில் காணலாம். பெயர் மாற்றத்திற்கு 29, 30 எண்ணுள்ள படிவங்கள் தேவை. ஒரே மாநிலத்திற்குள் நடக்கும் விற்பனையை, விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். இன்ஷூரன்ஸையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இல்லையேல் உங்கள் வண்டிக்கு நேரும் சேதத்திற்கு இழப்பீடு பெறுவது கடினமாகும்.

விற்பவருக்கும் இதில் பேராபத்து உண்டு. ஒருவர் தம் காரை 2007இல் விற்றுவிட்டார். அது பல கைகள் மாறியது. ஆனால் ஆர்.சி.யில் பெயர் மாறவில்லை. 2009 மே மாதத்தில் அந்தக் காரால் விபத்து நேர்ந்து ஓர் உயிர் பிரிந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரி 6 அன்று தீர்ப்பாயிற்று. கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தைப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக உறங்குவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

நம் ஃபிக்ஹுச் சட்டம் வாங்குபவருக்கு அளித்துள்ள இரு உரிமைகளையும் பலர் அறிவதில்லை. விற்கும் முன்பே இருந்த மறைவான குறை பின்னர் வெளிப்பட்டால், பொருளைத் திருப்பித் தர வாங்கியவருக்கு உரிமையுண்டு. மூன்று நாட்கள் வரை யோசித்து முடிவு செய்யும் உரிமையை நிபந்தனையாகவும் வைத்துக்கொள்ளலாம். ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளும் இவற்றை ஏற்கின்றன. ஆகவே விற்பனைச் சீட்டில் விலை, தேதி, நேரம், அறிந்த குறைகள் ஆகியவற்றோடு இந்த மூன்று நாள் நிபந்தனையையும் எழுதி, இரு சாட்சிகளின் கையெழுத்தைப் பெறுங்கள். நேர்மையான விற்பனையாளர் இதற்குத் தயங்க மாட்டார். தயங்கினால், அந்தத் தயக்கமே உங்களுக்கு ஒரு தகவல்.

அருமைச் சகோதரர்களே! இன்று வாங்குபவர் நாளை விற்பவராவார். வாங்கும்போது எதையெல்லாம் தோண்டித் துருவிக் கேட்டோமோ, விற்கும்போது அதையெல்லாம் கேட்காமலே சொல்வோம். வாகனத்தில் ஏறும்போது ஓத வேண்டிய துஆவை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கிறோம். அந்த வாகனம் வீட்டுக்கு வந்த விதமும் அந்த துஆவுக்குத் தகுந்ததாக இருக்கட்டும்.

வல்ல நாயன் நம் வாகனங்களிலும் வியாபாரங்களிலும் பரக்கத் செய்வானாக! நம் பயணங்களை ஆபத்துகளை விட்டும் காப்பானாக! ஆமீன்.