அழாத பிள்ளை

எங்கள் பூதப்பாண்டியில் பூதலிங்க சுவாமியும் சிவகாமி அம்மையும் குடிகொண்டிருக்க, சனிக்கிழமைதோறும் திருப்பதிசாரம் சென்று திருவாழ்மார்பனையும் சேவித்து வருவது, நான் மணமாகி இவ்வூருக்கு வந்த நாள்முதல் உள்ள வழக்கம். நம்மாழ்வாரைப் பெற்ற உடையநங்கையார் பிறந்த ஊர் அது. பிறந்த நாள்முதல் பாலுண்ணாமலும் அழாமலும் இருந்த அந்தத் தெய்வக் குழந்தையைப் பெற்றோர் ஆழ்வார்திருநகரிப் புளியமரத்தடியில் கொண்டுபோய் விட்டார்கள் என்ற வரலாற்றை, என் மாமியார் வாய்மொழியாக எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவ்வரலாற்றையே ஒரு பெரும் பிழைக்குச் சாக்காக நான் எடுத்துக்கொள்ள நேர்ந்ததை இப்போது எழுதுகிறேன்.

என் மகளுக்குத் தலைப்பிரசவம். முறைப்படி ஏழாம் மாதம் சீர்செய்து அழைத்து வந்தோம். மருமகன் திருநெல்வேலியில் ஒரு தனியார் நிறுவனத்தில் 22,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறார். வீட்டு வாடகைக்கே அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மகள் பார்த்துவந்த ஆசிரியை வேலையை வயிற்றுப்பிள்ளையை முன்னிட்டு விட்டுவிட்டாள். எனக்கோ, என் கணவர் ஆசிரியராக இருந்து விட்டுச்சென்ற குடும்ப ஓய்வூதியம் ஒன்றே வருவாய். இந்த நிலையில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தால் ஒரு காசும் செலவாகியிருக்காது. ‘பெண்ணை அரசாங்க ஆசுபத்திரியில் போட்டாள்’ என்று சம்பந்தி வீட்டார் நினைப்பார்களோ என்று நானாகவே கற்பனை செய்துகொண்டு, நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். அறுவைச் சிகிச்சை செய்து பெண்குழந்தை பிறந்தது. எடை 2 கிலோ 900 கிராம். என் சேமிப்பில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்தது.

மூன்றாம் நாளும் பால் சரியாகச் சுரக்கவில்லை. அறுவைச் சிகிச்சைக்குப் பின் சற்றுத் தாமதமாகப் பால் ஊறுவது இயல்பு என்பதை நான் அறியேன். ‘உனக்குப் பால் போதாது, மக்களே’ என்று என் வாயாலேயே சொல்லி, பால்பொடி டப்பா வாங்கிவர ஆளனுப்பினேன். அந்த ஒரு சொல் மகளின் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதைப் பின்னால்தான் உணர்ந்தேன். தன்னால் பிள்ளைக்கு வயிறு நிறையாது என்றே அவள் நம்பிவிட்டாள்.

இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டும் சடங்கு. நம் நாஞ்சில் நாட்டில் இருபத்தெட்டு கெட்டு என்றால் எளிதில் முடிவதா? பந்தலும் இலைச் சாப்பாடும் பிரதமனுமாக அறுபது பேருக்குச் செய்தேன். செலவு 42,000 ரூபாய். என் கைவளையல் இரண்டும் அடகுக்குப் போயின. கண்ணாடி வளையல் நான்கை அணிந்துகொண்டு பந்தியில் நின்று பரிமாறினேன். யாரும் கவனிக்கவில்லை என்றுதான் எண்ணினேன்.

இங்கே ஒரு பழங்கதையைச் சொல்லத் தோன்றுகிறது. எங்கள் பாட்டிமார் காலத்தில் இந்நாட்டு வேளாளரிடையே மருமக்கள் வழி இருந்தது. சொத்து சகோதரியின் பிள்ளைக்கு. பெற்ற பிள்ளைக்கு அப்பன் மனமுவந்து எழுதிவைத்தால் உண்டு. ஆதலால் பிள்ளைக்கு ஊட்டும் பால் எந்த வீட்டுக் கணக்கில் சேர்வது என்பதே ஒரு வழக்காகிவிடும். தேரூர்க் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அந்தக் கொடுமையைத்தான் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ என்று, சிரிக்கவும் அழவும் வைக்கும்படி பாடிவைத்தார். 1926-இல் திருவிதாங்கூர் அரசு சட்டமியற்றி அந்த முறையை மாற்றிற்று. நூறாண்டு கழிந்தும், பிள்ளையின் பால் எந்தக் கணக்கில் என்ற கேள்வி மட்டும் வேறு வடிவில் எங்கள் வீட்டுக்குள் இருந்திருக்கிறது. தலைப்பிள்ளைச் செலவு தாய்வீட்டைச் சேர்ந்தது என்று நான் மார்தட்டிக்கொண்டேன். தன் பிள்ளையால் தாய் கடன்படுகிறாளே என்று மகள் உள்ளுக்குள் உருகிக்கொண்டிருந்தாள். மருமகனிடம் கேட்கச் சொன்னால் அது எனக்கு இழுக்கு. ஒருவரோடொருவர் வாய்திறந்து பேசவில்லை.

ஆறாம் வாரத் தடுப்பூசியின்போது குழந்தை 4 கிலோ இருந்தாள். அதன் பிறகு மெல்ல மெல்ல அமைதியானாள். அழுகை குறைந்தது. இரவெல்லாம் உறங்கினாள். பகலிலும் கண்மூடியே கிடந்தாள். பார்க்க வந்தவர்களிடம் நான் பெருமையாகச் சொன்னேன்: ‘எங்கள் பிள்ளை அழவே அழாது. ஆழ்வார் பிள்ளை.’ திருப்பதிசாரத்தில் நின்றும் அதையே சொல்லிக் கைகூப்பினேன்.

தைத் தேரோட்டத்துக்குக் கொடியேறியிருந்த வாரம். புதன்கிழமை பத்தாம் வாரத் தடுப்பூசிக்குக் கொண்டுசென்றோம். கிராம சுகாதாரச் செவிலியர் குழந்தையைத் தராசில் கிடத்தினார். முள்ளைப் பார்த்தார். மீண்டும் ஒருமுறை எடுத்துக் கிடத்தினார். 4 கிலோ 150 கிராம். நான்கு வாரத்தில் 150 கிராம் மட்டுமே ஏறியிருக்கிறது. எழுநூறு கிராமாவது ஏறியிருக்க வேண்டும் என்று கூறி, தாய் சேய் நல அட்டையிலிருந்த வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைத்துக் காட்டினார். மேல்நோக்கி ஏற வேண்டிய கோடு படுத்துக்கிடந்தது. ‘பாப்பா ராத்திரி பாலுக்கு அழுமாம்மா?’ என்று கேட்டார். நான் பெருமை பொங்க, ‘அழவே அழாது’ என்றேன். அவர் முகம் மாறிற்று. ‘அழ தெம்பு இல்லம்மா’ என்றார்.

பால் எப்படிக் கலக்குகிறாய் என்று மகளைக் கேட்டார். அவள் தலைகுனிந்து நின்றாள். மூன்று கரண்டி போட வேண்டிய தண்ணீருக்கு இரண்டு கரண்டி போட்டுக் கலக்கி வந்திருக்கிறாள். தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுத்த கணக்கில், 420 ரூபாய் டப்பா ஒன்று ஐந்து நாளில் தீரும். இப்படிக் கலந்தால் ஏழெட்டு நாள் வரும். மாதம் ஆறு டப்பா நான்காகும். மிச்சம் 840 ரூபாய். ‘எம்மா, வளையல் இல்லாத உங்க கையப் பாத்துக்கிட்டு இன்னொரு டப்பா வேணும்னு எப்பிடிக் கேக்கச் சொல்லுதீங்க?’ என்று அங்கேயே விம்மினாள். 42,000 ரூபாய்க்கு ஊருக்குச் சோறு போட்ட வீட்டில் 840 ரூபாய்க்காகக் குழந்தை பசித்துக் கிடந்திருக்கிறது.

செவிலியர் யாரையும் ஏசவில்லை. அன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டச் சொன்னார். வேறு நோய் ஏதுமில்லை. பசிதான் என்றார் மருத்துவர். பால்பொடியைக் குறித்த அளவுக்கு மேல் நீர்த்துக் கலந்தால் சத்துக் குறைவதோடு, உடம்பில் உப்பின் அளவும் தாழ்ந்து வலிப்பு வரைக்கும் கொண்டுவிடும் என்று எச்சரித்தார். அளவாகக் கலந்து கொடுத்துக்கொண்டே, ஒவ்வொரு முறையும் முதலில் தாய்ப்பாலுக்கு விட வேண்டும். பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும் என்று சொல்லிக்கொடுத்தார். ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்றும் சொன்னார். வசம்பு, உரைமருந்து, தேன் எதையும் வாயில் வைக்கக் கூடாதென்று என்னைப் பார்த்துத்தான் கூறினார். ஒரு வயதுக்குள் தேன் ஆகவே ஆகாதாம். சேனை வைத்தே வளர்ந்த தலைமுறை நாம். கேட்கக் கசப்பாகத்தான் இருந்தது. கேட்டுக்கொண்டேன்.

வீடு திரும்பிய மாலை என் கணவரின் பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்தேன். மேலே பிள்ளையார் சுழியிட்டு, 1986-இல் எங்கள் மூத்தவன் பிறந்தபோது அவர் எழுதிய பக்கங்கள். பிள்ளைக்கென்று அதில் மிகச் சில வரிகளே இருந்தன. குழந்தையின் தாய்க்கென்றுதான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்: உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய், பூண்டு, பசும்பால். அந்தக் காலத்து ஆண்மகன், அதிகம் பேசாதவர், எனக்கு என்ன ஊட்டினால் பிள்ளைக்குப் பால் சேரும் என்று கணக்கெழுதி வைத்திருந்திருக்கிறார்! நாற்பது ஆண்டுக்குப் பின்புதான் அதைப் படித்தேன்.

மறுநாள் மருமகனைத் தொலைபேசியில் அழைத்து உள்ளதை உள்ளபடி கூறினேன். வெட்கமாகத்தான் இருந்தது. அவரோ, ‘அத்தை, இதை எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே’ என்றதோடு நிறுத்திக்கொண்டார். ஞாயிறன்று வந்து மூவரும் உட்கார்ந்து புதுப்பக்கம் எழுதினோம். டயாபருக்கு நாளொன்றுக்கு ஏழு வீதம் மாதம் 1,900 ரூபாய் வரை போய்க்கொண்டிருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கும் பால்புட்டிக்கும் வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது உண்மைதான். ஆயினும் ஏழு என்பது ஏழுதான். இரவுக்கு ஒன்று, வெளியே செல்லும் நாளில் ஒன்று என்று முடிவு செய்தோம். 360 ரூபாயில் அடங்கிற்று. பகலுக்குத் துணி வேண்டுமே?

பெட்டியில் என் கணவரின் வேட்டிகள் இருந்தன. ஆறு ஆண்டுகளாக நான் எவருக்கும் கொடுக்கவில்லை. துவைத்துத் துவைத்துப் பூப்போல் ஆகிவிட்ட பருத்தி. கரையை நீக்கி, சதுரம் சதுரமாகக் கிழித்தேன். முதல் வேட்டியைக் கிழிக்கத்தான் நேரமாயிற்று.

மகளின் உணவுக்கு மாதம் 2,500 ரூபாய் என்று எழுதினோம். காலையில் உளுந்தங்களி, உச்சியில் முருங்கைக்கீரையும் பருப்பும், இருவேளை பால். கர்ப்பகாலத்திலேயே பதிவு செய்திருந்தபடியால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி அவளுக்கு உண்டு. பணமாக 14,000 ரூபாயும் 4,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் சேர்ந்து 18,000. அந்தப் பெட்டகத்தை ‘இலவசச் சாமான்’ என்று பரணில் போட்டிருந்தவளும் நானே. எடுத்துத் தூசி துடைத்தேன். தடுப்பூசிகள் அரசு நிலையத்தில் விலையின்றியே கிடைக்கின்றன. அதற்கென்று தனியே ஒதுக்கியிருந்த தொகையும் மிஞ்சிற்று.

எஞ்சியது ஒரு நேர்ச்சை. நல்லபடி பிரசவமானால் குருவாயூரில் குழந்தைக்குத் துலாபாரம் கொடுப்பதாக வேண்டியிருந்தேன். குடும்பத்தோடு வண்டி பேசிச் சென்றுவர 11,500 ரூபாய் சேர்த்தும் வைத்திருந்தேன். அதைத் தொடலாமா என்று உறக்கம் வராமல் தவித்து, நம் கோயில் போற்றியிடம் போய்க் கேட்டேன். அவர், ‘மஞ்சள் துணியில என்ன முடிஞ்சு வச்சிருக்கீங்க?’ என்றார். 101 ரூபாய் என்றேன். ‘அதுதான் சாமிக்குள்ளது. வண்டிக்காரனுக்கு வச்சிருக்கதை நீங்க நேந்துகிட்டீங்களா? பிள்ளை தட்டுல உக்காருத அளவுக்கு வளரட்டும். பழம் கொஞ்சம் கூடுதலா வாங்கிக்கிடலாம்’ என்று சிரித்தார். பதினோராயிரத்து ஐந்நூறில் அடகு வட்டியைக் கட்டினேன். மீதி பால் கணக்குக்குப் போயிற்று. முடிச்சு பூசையறையிலேயே இருக்கிறது. ஆறாம் மாதச் சோறூட்டை நம் பூதலிங்க சுவாமி சன்னதியிலேயே, வீட்டார் அளவில், ஒரு கிண்ணம் பாயசத்தோடு நடத்துவதாக இருக்கிறோம்.

பெரியாழ்வார் பாடிய தாலாட்டில், கண்ணனுக்குப் பிரமன் தொட்டில் அனுப்புகிறான். இந்திரன் கிண்கிணி அனுப்புகிறான். அத்தனை பேருக்கும் பின்னே, கலைமானை ஊர்தியாகக் கொண்ட துர்க்கை உடம்பில் பூசும் பொடியும் மஞ்சளும் கண்ணுக்கு மையும் ஏந்தி வந்து நிற்கிறாள். முன்பெல்லாம் பொன்தொட்டிலில்தான் என் கண் நிற்கும். இப்போது அந்த மஞ்சள்பொடியைக் கொண்டுவந்தவளை நினைத்துக்கொள்கிறேன். மறுநாள் காலையில் யசோதைக்குக் கைக்கு வேண்டியது அதுவாகத்தானே இருந்திருக்கும்!

பதினான்காம் வாரத் தடுப்பூசிக்குச் சென்றபோது குழந்தை 4 கிலோ 950 கிராம் இருந்தாள். செவிலியர் முள்ளை இருமுறை பார்க்கவில்லை. பால்பொடி அதற்கு முந்தைய வாரமே நின்றுவிட்டது. கடைசி டப்பாவில் பாதி அப்படியே இருக்கிறது. வளையல் இன்னும் மீளவில்லை. ஆவணிக்குள் மீட்டுத் தருவதாக மருமகன் சொல்லியிருக்கிறார்; நானும் வேண்டாமென்று சொல்லவில்லை.

நேற்றிரவு இரண்டு மணிக்குத் தெருவே விழித்துக்கொள்ளும்படி அழுதாள். அடுத்த வீட்டு மாமி சன்னலைத் திறந்து, ‘என்னடி, பிள்ளைக்கு என்ன?’ என்று கேட்டார். ‘பசி, மாமி’ என்று சொல்லிவிட்டு மகளை எழுப்பப் போனேன்.