சுவரைப் பார்த்து வீடு பார்ப்பது

பொங்கல் கழியட்டும், தெருவெல்லாம் காய்ந்த பிறகு வீடு பார்க்கலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் கார்த்திகையிலேயே கிளம்பினேன். முந்தின இரவு வரை கொட்டிய மழை விட்டிருந்தது. சென்னைப் புறநகரில் குடியேற நினைப்பவர்கள் வீடு பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது என்பது என் கட்சி. சித்திரையில் போனால் எல்லா நகரும் நல்ல நகராகத்தான் தெரியும்.

நாங்கள் இப்போது இருக்கும் மேற்கு மாம்பலத்தில் இரண்டு படுக்கையறை வீடு 25,000 ரூபாய்க்குக் கீழே எங்கள் கண்ணில் படவில்லை. தாம்பரத்தைத் தாண்டினால் வாடகை இன்னும் இறங்கும். ஆனால் வருகிற மின்சார ரயில்களில் பாதி தாம்பரத்தோடு நின்றுவிடுகின்றன. செங்கல்பட்டு வண்டிக்காக நடைமேடையில் காத்துக்கிடக்க எனக்கு விருப்பமில்லை. அதனால் தாம்பரத்தைச் சுற்றித்தான் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். மாம்பலத்திலிருந்து டிக்கெட் 5 ரூபாய், பயணம் அரை மணிக்குச் சற்றுக் கூட.

முதலில் மேற்குப் பக்கம். ஸ்டேஷன் வாசலிலிருந்து முடிச்சூருக்கு ஷேர் ஆட்டோ 20 ரூபாய். நாலு கிலோமீட்டர்தான், ஆனால் முடிச்சூர் ரோட்டில் அதற்கே இருபது நிமிடம் ஆகிறது. இரண்டு பக்கமும் கடைகள், எல்லாக் கடை வாசலிலும் குறுக்கே நிறுத்திய வண்டிகள், தோண்டி மூடிய பள்ளங்களில் செம்மண் குழம்பு. புரோக்கர் ஒரு டீக்கடையில் நின்றிருந்தார். புது வீடு, தரைத்தளம், 12,000 ரூபாய். மொசைக் இல்லை, பளபளக்கும் டைல்ஸ். ஜன்னல் எல்லாம் பெரிது. மாம்பலத்து இருட்டு வீட்டிலிருந்து போன எனக்கு அந்த வெளிச்சமே ஆசை காட்டியது.

“தண்ணி நிக்குமா?” என்று கேட்டேன்.

“இங்கயா? நிக்கவே நிக்காது மேடம். 2015-ல வந்தது செம்பரம்பாக்கத்தத் திறந்து விட்டதால. அப்ப மெட்ராஸே முழுகிச்சு.”

செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் அடையாற்றில் வந்து சேருவது திருநீர்மலைக்கு அருகே. அது முடிச்சூரைத் தாண்டிக் கீழே இருக்கிறது. அடையாறு ஆதனூர் ஏரிப் பக்கம் புறப்பட்டு, மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் என்று வந்து அதற்குப் பிறகுதான் திருநீர்மலைக்குப் போகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அந்த மழையும் மேலே உள்ள ஏரிகளின் தண்ணீரும் சேர்ந்துதான் இந்தப் பக்கத்தை மூழ்கடித்தன. செம்பரம்பாக்கத்தை ஒழுங்காகத் திறந்தால் முடிச்சூருக்குக் கவலையில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தண்ணீர் வந்தது.

புரோக்கர் போனில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் தெருவில் இறங்கி நடந்தேன். எதிரே பூட்டிக் கிடந்த மனை ஒன்றின் காம்பவுண்டுச் சுவர் மஞ்சளாக வெளுத்திருந்தது. அதன் கீழ்ப்பாதியில் மட்டும் பழுப்புக் கறை. கறையின் மேல்விளிம்பு நூல் பிடித்தாற்போல் நேராகப் போகிறது. தெருதான் சரிகிறது. சுவரின் ஒரு மூலையில் நின்றால் அந்தக் கோடு என் இடுப்புக்கு, மறுமூலைக்குப் போனால் தோளுக்கு. மழைச் சாரலோ அடியிலிருந்து ஏறும் ஈரமோ இப்படிக் கோடு போடாது. தண்ணீர் வந்து, நின்று, மெல்ல வடிந்திருந்தால்தான் இப்படி விழும். அடுத்த வீட்டில் மின்சார மீட்டர் பெட்டி என் தலைக்கு மேலே இருந்தது. இடுப்பு உயரத்தில் பழைய பெட்டியைக் கழற்றிய ஆணித் துளைகள் நாலு, சிமென்ட் பூசி மூடியபடி. மோட்டாரை ஆளுயரக் கான்கிரீட் மேடை கட்டி ஏற்றியிருந்தார்கள். நான் பார்க்கப் போன புது வீட்டின் சுவரில் எந்தக் கறையும் இல்லை. அது கட்டி இன்னும் ஒரு பெருமழையைப் பார்க்கவில்லை.

பக்கத்துப் பழைய வீட்டுக்குள் போக மூன்று படி இறங்க வேண்டும். கட்டும்போது தெருவைவிட உயரமாகத்தான் கட்டியிருப்பார்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில் வீடு பள்ளத்தில் போய்விட்டது. வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி தலை நிமிர்ந்தார்.

“வாடகைக்கா வந்த? மாடின்னா வாம்மா. கீழ் வீடு வேணாம்.”

“இப்பவும் வருதா பாட்டி?”

“முன்ன மாதிரி இல்ல. ஆத்த அகலப்படுத்திட்டாங்க. ஆனா மழ புடிச்சா ஐப்பசியிலயே அரிசி மூட்டைய மேல ஏத்திருவோம்.”

ஆற்றையும் போய்ப் பார்த்தேன். கரை உயர்ந்திருக்கிறது, ஓட்டம் வேகமாக இருந்தது, பழுப்புத் தண்ணீரில் ஆகாயத்தாமரை திட்டுத்திட்டாக மிதந்து போனது. தெருவில் முந்தின இரவு மழை தேங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேலை நடந்திருக்கிறது. மாடி கிடைத்து, கையில் பணம் குறைவாக இருந்தால் முடிச்சூர் மோசமான இடமில்லை. தரைத்தளத்துக்கு நான் வர மாட்டேன் என்று புரோக்கரிடம் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பினேன்.

கிழக்குப் பக்கம் போனாலே காற்று வேறு. வழியில் கிறித்தவக் கல்லூரியின் 365 ஏக்கர் மரங்கள். 1937-ல் ஜார்ஜ் டவுனிலிருந்து கல்லூரி இங்கே வந்திருக்காவிட்டால் இந்நேரம் இந்த இடத்தில் எத்தனை அடுக்குமாடி நிற்குமோ. நான் இறங்க வேண்டிய கேம்ப் ரோடு சந்திப்பு ஸ்டேஷனிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் இருக்கும். பேருந்து வெள்ளைப் பலகை, பெண்களுக்குக் கட்டணமில்லை.

கிழக்கு என்றால் மேடு, பயமில்லை என்று இங்கே உள்ள புரோக்கர் சொன்னார். அதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சேலையூர் ஏரியின் தண்ணீர் ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று ஏரிக்கு ஏரி இறங்கிப் பள்ளிக்கரணைக்குப் போகிறது. ஏரிக்கரைக்கு எந்தப் பக்கம் வீடு என்பதுதான் கேள்வி. அவர் காட்டிய முதல் தெரு கரைக்குக் கீழே இருந்தது. சுவரில் பாசி, மூலைகளில் உப்புப் பூத்த சுண்ணாம்பு, வீட்டுக்குள் நுழைந்ததும் ஈரத்துணி வாடை. நிற்கவில்லை.

அடுத்த தெரு ஏற்றத்தில் இருந்தது. சைக்கிளை மிதிக்க முடியாமல் ஒரு பையன் தள்ளிக்கொண்டு போனான், அதுவே எனக்கு நல்ல சகுனம். முதல் மாடி, 16,000 ரூபாய். காம்பவுண்டுச் சுவரில் மேலும் கீழும் ஒரே பழைய பெயின்ட். மீட்டர் பெட்டி ஆதியில் வைத்த இடத்திலேயே இருந்தது. குறையும் உண்டு. போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, பாத்ரூம் வாளியில் செம்பழுப்புப் படலம். குடிக்க கேன்தான், மாடி ஏற்றித் தர 40 ரூபாய். தெருவில் பாதாளச் சாக்கடை இல்லை. தொட்டி நிரம்பினால் லாரியைக் கூப்பிட வேண்டும், அந்தச் செலவு யாருடையது என்று முதலிலேயே கேட்டுவிட்டேன். வீட்டுக்காரம்மா பாதிப் பாதி என்றார்.

பேருந்து நிறுத்தம் ஐந்து நிமிடம் என்று சொல்லியிருந்தார்கள். இருட்டிய பிறகு நடந்து பார்த்தேன், பதினோரு நிமிடம். ஒரு திருப்பத்தைத் தவிர எங்கும் விளக்கு எரிந்தது. அந்தத் திருப்பத்தில் ஒரு மாவு மில் ஒன்பது மணி வரை திறந்திருக்குமாம். என் மகள் டியூஷன் விட்டு அதற்குள் வந்துவிடுவாள்.

வாங்கும் யோசனை இப்போதைக்கு வேண்டாம் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டோம். இந்தப் பக்கம் ஒரு மழைக்காலம் முழுக்க இருந்து பார்த்துவிட்டு, பிறகுதான் பட்டாவும் வில்லங்கமும். அட்வான்ஸ் பத்து மாத வாடகை கேட்டார்கள். ஒப்பந்தத்தில் வேறு பேசிக்கொள்ளாவிட்டால் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். சொன்னேன். வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டு ஐந்துக்கு இறங்கினார். மார்கழியில் யாரும் குடிபோவதில்லை, தை முதல் வாரத்தில் பால் காய்ச்சுவதாகப் பேசி அச்சாரமாக ஆயிரம் கொடுத்திருக்கிறேன்.